பார்கோடு ஒட்டிய கையும் கட்டுரை எழுதிய கையும்

நேற்று கூடுவாஞ்சேரி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண், துவரம்பருப்புப் பாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்கோடைத் தேடினாள். எனக்குக் கை பரபரத்தது. அதை எங்கே ஒட்டவேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பெரிய ஆள், தெரியுமோ? உலகத்துக்குத்தான் தெரியாது.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். பன்னிரண்டாவதும் ஒரு சர்ட்டிபிகேட்டும்தான் என் படிப்பு. கம்ப்யூட்டர் வந்த வருஷம், புத்தகங்களுக்கெல்லாம் பார்கோடு ஒட்டும் வேலை எனக்கும் கூட வேலை பார்த்த வசந்திக்கும். பின்னட்டையில் ஒட்டச் சொன்னார்கள். அப்படி ஒட்டினால் வருஷாந்திரக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு புத்தகத்தையும் முழுசாக உருவவேண்டும், தோள் கழன்றுவிடும். முன்னட்டையின் மேல் ஓரத்தில் ஒட்டினால், லேசாகச் சாய்த்து ஸ்கேனரைக் காட்டிவிட்டு உள்ளே தள்ளிவிடலாமே என்று நான்தான் சொன்னேன். அன்று சஷ்டி விரதம். முருகன்தான் சொல்ல வைத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

"அக்கா, இதைக் கட்டுரையா எழுதி லைப்ரரிக்காரங்க பத்திரிகைக்கு அனுப்பலாமா? ரெண்டு பேர் பேரையும் போட்டு?" என்றாள் வசந்தி.

"ஸ்டிக்கர் ஒட்டறதெல்லாம் ஒரு கட்டுரையாடி? சிரிப்பாங்க. என் பேரை இழுக்காதே."

எழுதியே விட்டாள். மூன்று பக்கம்; தலைப்புக்குக் கீழே அவள் பெயர் மட்டும். அதைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஒரு நூலகர் போன் செய்தார். "வசந்தி மேடம் இருக்காங்களா?" எடுத்தது நான். மேடமாம்! அன்று ராத்திரி சாம்பாருக்கு உப்பே போடவில்லை.

ஒரு தப்பாவது கிடைக்காதா என்று கட்டுரையை நாலு முறை படித்தேன். தப்பு கிடைத்தது, ஆனால் அது என்னுடையது. 'ஆயுத பூஜையின்போது ஸ்கேனர் கண்ணாடியில் சந்தனம் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி. பக்தி மிகுந்து அந்தக் கண்ணாடி மேலேயே அகலமாகப் பொட்டு வைத்தவள் நான். விஜயதசமி கழித்து வந்து பார்த்தால் ஸ்கேனர் ஒரு புத்தகத்தையும் படிக்கவில்லை. நான் கம்பெனி ஆளைக் கூப்பிடப் போன நேரத்தில் வசந்திதான் முந்தானையால் துடைத்தாள்.

"தப்புக்காவது என் பேரைப் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டே விட்டேன்.

வசந்தி சிரித்தாள். "நீங்கதானேக்கா இழுக்காதேன்னீங்க? சரி, அடுத்தது சேர்ந்து எழுதலாம். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எனக்கு வேலை கிடக்கு."

வயிற்றெரிச்சல். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளையாரிடம் மட்டும் ஒப்புக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை; வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள்.

இப்போது புத்தகத்துக்குள் சிப் வைத்துவிட்டார்கள். அலமாரி ஓரமாக ஒரு கருவியை நீட்டிக்கொண்டு நடந்தால் கணக்கெடுப்பு முடிந்தது. யாரும் புத்தகத்தைச் சாய்ப்பதில்லை. அந்தப் பத்திரிகையும் அச்சில் வருவது நின்றுபோயிற்று. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், பழைய பார்கோடுகளை உரிக்கும் வேலை எனக்கே வந்தது. ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் அட்டை கிழியாமல் வருகிறது என்று கண்டுபிடித்தேன். அன்று மதியமே ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, மேலே என் பெயரை எழுதினேன். கீழே ஒரு வரிகூட வரவில்லை.