அத்தான் விழுந்த காட்சி

அக்கா வீட்டுக் குக்கர் மூடியை நான்தான் கேட்டு வாங்கிப் போனேன். டயர் ட்யூபை வெட்டிச் சாக்குத்துணியோடு சேர்த்து, நடுநெஞ்சில் அந்த மூடியை வைத்துத் தைத்தால் கவசம். உலகமே அழிந்த பிறகு மிஞ்சியிருக்கும் மனிதர்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று படத்தின் டைரக்டர் சொன்னார். மட்டாஞ்சேரியில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவளுக்கு உலகம் அழிந்த பிறகான அளவெல்லாம் எப்படித் தெரியும்? இருந்தாலும் ஆளுக்கொன்றாகத் தைத்துக் கொடுத்தேன். அத்தானுக்குத் தைத்தது மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது.

அத்தான் என் அக்காவின் புருஷன். கிடங்குகளில் சுக்கு, மிளகு மூட்டை தூக்குகிற வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகியும் மலையாளத்தைத் தமிழாகவே பேசுகிறவர். படம் பிடித்தது அவர் வேலை பார்த்த கிடங்கில்தான். நடிகர்களைக் கூப்பிட வசதியில்லாததால், கிடங்கு ஆட்களையே வில்லனின் அடியாட்கள் ஆக்கினார்கள். அத்தானையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சிபாரிசு செய்தவள் நான். அதை அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கிடங்கில் மேல்மாடியிலிருந்து மூட்டையைக் கயிற்றில் இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. மேலே கயிறு பிடிப்பவர் ‘விடட்டா’ என்று கேட்பார். கீழே நிற்பவர் பதில் குரல் கொடுக்காமல் கயிறு ஒரு சாண் நகராது. அவர்கள் நம்புவது காதைத்தான், கண்ணை அல்ல. படத்திலோ கதாநாயகன் உதைக்க, அத்தான் மேல்மாடி வாசலுக்கு வெளியே கயிற்றில் தொங்கவேண்டும். கீழே வைக்கோல் மூட்டைகளை அடுக்கிய பிறகு விழவேண்டும். “சத்தம் பதிவாகிவிடும், யாரும் வாய் திறக்கக் கூடாது, நான் தூக்கிய கையை இறக்கினால் கயிற்றை விட்டுவிடுங்கள்” என்றார் டைரக்டர். அத்தான் தொங்கினார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. கண்கூசியதால் டைரக்டர் கையைத் தூக்கி வெயிலை மறைத்து மேலே பார்த்தார். பிறகு இறக்கினார். கயிறு பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். கீழே ஒரு மூட்டைகூட வைத்திருக்கவில்லை.

“அம்மா, என் இடுப்பு போச்சே” என்று அத்தான் தமிழில் அலறினார். குக்கர் மூடி பிய்ந்து உருண்டு, தரையில் சுற்றிச் சுற்றி அடங்கியது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. நடிக்கிறார் என்றே நினைத்தேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மாதக்கணக்கில் படுக்கை, மூட்டை தூக்கும் பிழைப்பு அத்தோடு போயிற்று. டைரக்டர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் எங்களோடு உட்கார்ந்து அழுதார். ஆனால் காட்சியை வெட்டவில்லை. படம் தியேட்டரில் ஒரு வாரம் தாங்கவில்லை, நாங்களும் விட்டது சனி என்றிருந்தோம். சில வருஷம் கழித்துக் காலேஜ் பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்தார்கள். படம் இவ்வளவு மோசமாக இருப்பதுதான் அதன் அழகாம். அத்தான் விழுவது ஒவ்வொரு போனிலும் ஓடியது. மீன் கடையில், படகுத்துறையில், ஆலுவா பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் அவரைப் பார்த்து “இடுப்பு போச்சே” என்பார்கள். அவர் தடியை ஊன்றி நின்று சிரித்து வைப்பார். அன்று சோறு இறங்காது. “அந்த ஒரு சத்தத்த மட்டும் எடுத்துரச் சொல்லு. படம் இருந்துட்டுப் போட்டும்” என்றார் என்னிடம்.

போய்ச் சொன்னேன். டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். “சேச்சி, நான் எடுத்தாலும் ஆட்களோட போன்ல உண்டல்லோ. இனி அது என்டெ கையில் இல்லா.” அது உண்மைதான். சண்டை போடப் போனவளுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று.

போன மாதம் எறணாகுளத்தில் அந்தப் படத்தை ஒரு பகல் காட்சியாகப் போட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். வரமாட்டார் என்றிருந்தேன், அத்தான் சட்டையை இஸ்திரி போட்டுக் கிளம்பிவிட்டார். அக்கா வரவில்லை. அந்தக் காட்சி வந்ததும் அரங்கமே சேர்ந்து அலறியது. எங்கள் வீட்டு வலியை இத்தனை பேர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். படம் முடிந்ததும் அவரை மேடையேற்றி, சேட்டா, ஒரு தடவை, ஒரே தடவை என்று கெஞ்சினார்கள். “வேண்டாம் அத்தான்” என்று எழுந்து நின்று கூப்பிட்டேன். கைதட்டலில் எனக்கே கேட்கவில்லை. அவர் மைக்கைப் பிடித்து அலறினார். இன்னொரு முறை கேட்டார்கள், அலறினார். மூன்றாவது முறை குரல் உடைந்தது. அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

திரும்புகையில் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தோப்பும்படி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“மொதல்ல விழுந்தப்போ வந்த மாதிரி வரல்ல, இல்லியா?”

“அதவிட நல்லா வந்துச்சு அத்தான்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.