ராணிக்கு ஒரு கையொப்பம்

காலை ஒன்பதேகாலுக்கு மாடிப்படி ஏறியதும் நான் முதலில் கண்டது பிஸ்கட் தகரத்தில் வெட்டிய ஒரு கிரீடம். உட்பக்கத்தில் பிஸ்கட்டின் படம் இன்னும் மங்காமல் இருந்தது.

சாய்ந்தமருதில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீடு அது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் கரையோர ஊர்களில் மேடையேறிய சிரிப்பு இசை நாடகங்களில் மிஞ்சியதையெல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்தார்: நோட்டீஸ்கள், நுழைவுச்சீட்டுகள், பாட்டுக் கொப்பிகள், ஒரு சவுரிமுடி. அந்த நாடகங்களில் புருஷன் பெண்சாதி சண்டைகூடப் பாட்டாகத்தான் நடக்கும். சுனாமியில் கடல் வந்தபோது கீழ்வீட்டுக் கட்டில், அலமாரி என்று தளபாடங்கள் முழுவதும் போயின. மாடியிலிருந்த இவை தப்பின. இதை அவருடைய மனைவி இன்றுவரை நியாயமாகக் கருதவில்லை.

பல்கலைக்கழக நூலகம் ஒன்று எல்லாவற்றையும் ஏற்கச் சம்மதித்திருந்தது. பட்டியலும் படக்குறிப்புகளும் எழுதுவது என் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: புகைப்படத்தில் இருப்பவர் உயிரோடிருந்தால் சம்மதப் படிவத்தில் அவருடைய கையொப்பம் வேண்டும். வேஷத்தோடு எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அதில் சேலையும் கிரீடமுமாக நிற்கும் ராணி இன்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்காயர்.

பத்து மணிக்கு அவர் வந்தார். தேநீரைத் தொடவில்லை. தபாலதிபரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அந்தப் படத்தக் கிழிச்சிப் போடுங்க காக்கா. மூத்தாப்பா முந்தானையோட நிக்கிறதையா பேரப்புள்ளைகள் பார்க்கிற?"

"ஊருக்கே தெரிஞ்ச கதைதானே ஹாஜியார்," என்றார் தபாலதிபர்.

"தெரியிறது வேற. பெட்டியில போட்டு வெக்கிறது வேற."

தபாலதிபர் படத்தை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மரைக்காயர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பார்த்தார். பிறகு அதன் கீழே நான் தட்டச்சு செய்திருந்த குறிப்பை வாசித்தார். ராணியாக நடித்தவர் என்ற இடத்தில் அவருடைய மச்சானின் பெயர் இருந்தது.

"ஆரு இத எழுதின?"

நான்தான் என்றேன். ராணி யாரென்று தபாலதிபர் சொல்லுமுன் எழுதியது. நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். அதில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது. அச்சில் உள்ளதை நம்புவது என் தொழில் பழக்கம்.

"நோட்டீசில அப்பிடித்தான் இரிக்கும். பொம்புள வேஷம் கட்டினா வாப்பா கால முறிப்பாரெண்டு நாங்க எல்லாரும் மச்சான்மார்ட பேரத்தான் குடுக்கிற. அவன் பெற்றோமெக்ஸ் லாம்புக்குக் காத்தடிச்சவன்! ஒரு வரி பாடத் தெரியாது. இப்ப கல்முனைச் சந்தையில தேத்தண்ணிக் கடையெல்லாம் தான்தான் ராணியெண்டு கதைச்சிக்கிட்டுத் திரியிறான்."

"அப்ப படத்தக் கிழிப்பமா?" என்று தபாலதிபர் மரியாதையாகக் கேட்டார். "நோட்டீசுக்குக் கையொப்பம் தேவையில்ல. அது எப்பிடியும் நூலகத்துக்குப் போகும்."

மரைக்காயர் கிரீடத்தைப் பார்த்தார். ஆறிப்போன தேநீரைக் குடித்தார். பிறகு என் பேனாவை வாங்கி மச்சானின் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதினார், ஹாஜி என்ற பட்டத்தோடு. பக்கத்தில் "பாட்டும் இவரே" என்று சேர்த்தார். படிவத்தில் ஒரு கையொப்பம் போதும். இரண்டு வைத்தார்.

வியாழக்கிழமை நூலகத்து வேன் வந்தது. படமும் நோட்டீசும் ஒரே உறையில் போயின.