தேசிக்காயும் சில்லுக் கட்டையும்

இன்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் செல்வண்ணையைக் கண்டேன். எண்பதுகளில் எங்கள் புதுச் சின்ன உழவு மெசினைத் தன் பிக்கப்பின் பின்னால் ட்ரெயிலரில் ஏற்றி உடுப்பிட்டிக்குக் கொண்டுவந்தவர்.

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அண்டைக்கு மெசின்ரை சில்லு உருளாமக் கட்டை வைக்க மறந்து, கயிறை மட்டும் நம்பிட்டன். சந்தியிலை பிரேக் போட, மெசின் உருண்டு வந்து பிக்கப்பிலை மோதிப்போட்டுது. இப்பவும் மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு."

அவர் கட்டை வைக்க மறக்கவில்லை. வழியில் பிள்ளையார் கோயிலடியில் அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், புது மெசினுக்குக் கண்ணூறு படாமல் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பதற்காகக் கட்டையை எடுத்தவன், அவரோடு கூடப் போயிருந்த நான். திருப்பி வைக்கவில்லை. அப்பா அவரைத் திட்டித் தீர்த்தபோதும் வாய் திறக்கவில்லை.

இன்றும், "அதை விடுங்கோ அண்ணை" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் முகநூலில் இல்லை. அதனால்தான் இவ்வளவு துணிவாக எழுதுகிறேன்.