கேமிங் லேப்டாப்புக்குச் சளியா, சூடா?

“கீ காஜ் கோர்பேன், மாசிமா?”

கொல்கத்தா கரியாஹாட்டில் ஒரு லேப்டாப் கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்ற இளைஞர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். இதை வைத்து என்ன வேலை செய்யப் போகிறீர்கள், சித்தி?

எவ்வளவு சுலபமான கேள்வி! ‘எழுதப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு, சின்னதாக ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் வாய் வர வேண்டுமே…

வாராவாரம் இந்தப் பக்கத்தில் லொடலொடவென்று பேசுகிறவளுக்கு என்ன கூச்சம் என்று நினைக்காதீர்கள். காகிதத்தில்தான் எனக்கு வாய். நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்து ‘நான் எழுதுகிறேன்’ என்று சொல்வதா? பிளஸ் டூவோடு நின்றவள் நான். ரயில்வே குவார்ட்டர்ஸில், குழம்பு கொதிக்கும் இடைவெளியில், செல்போனில் கட்டைவிரலால் தட்டி அனுப்புகிறேன். அதை ‘எழுத்து’ என்று எந்த வாயால் சொல்வது? பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

கட்டைவிரல் வலி தாங்காமல்தான் லேப்டாப் வாங்கவே கிளம்பினேன். அதுவும் பத்திரிகைக் காசைச் சேர்த்து வைத்து, தனியாக.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவரே உதவிக்கு வந்தார். “ஆபீஸ் வேலையா? வீடியோ எடிட்டிங்கா? கேமிங்கா?” எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எப்படியாவது கேள்வி முடிந்தால் போதும் என்று இருந்தது. கடைசி வார்த்தைக்குத் தலை தானாக ஆடிவிட்டது.

“பாஹ்! மாசிமா கேமர்!”

கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு கல்லூரிப் பெண் என் புடவையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சொல்லுங்கள், இதற்குப் பிறகு ‘இல்லைங்க, தலை தவறி ஆடிவிட்டது’ என்று சொல்ல முடியுமா?

“பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் கொண்டு வாருங்கள், வேறு மாடல் மாற்றித் தருகிறேன்” என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது.

சாந்த்ராகாச்சியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்து பெட்டியைப் பிரித்தேன். கறுப்பு மூடி. ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக, ராணுவ வண்டி மாதிரி. பட்டனை அமுக்கியதும் கீபோர்டு பச்சை, ஊதா, சிவப்பு என்று துர்கா பூஜைப் பந்தல் போல ஓடி ஓடி எரிந்தது.

“மா, துர்!” என்றாள் மகள் நிவேதா. கொல்கத்தாவில் பிறந்தவள். சலிப்பு வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும். “இது கேமிங் மெஷின் மா. நீ என்ன, துப்பாக்கி சுடப் போறியா?”

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிக்காரர். ரயில் யார்டில் வேலை. கனமான சாமான்களைப் பார்த்தால் தூக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார். சார்ஜரைத் தூக்கினார்.

“ஏளா, கூடவே செங்கல்லும் குடுத்திருக்கானா?”

“அது சார்ஜர் பா.”

“சார்ஜரா! நான்கூட திருஷ்டிக்குக் கட்டுறதுன்னு நெனச்சேன். இதை மாத்திரு.”

“யாரு போறது?” என்றேன், மெதுவாக.

“தலையாட்டுனது யாரு?”

அவ்வளவுதான் தீர்ப்பு. சனிக்கிழமைக்குள் நானே போக வேண்டும். கவுண்டரில் நின்று, ‘விளையாட இல்லை, எழுத’ என்று என் வாயால் சொல்ல வேண்டும். கனத்தைக்கூடத் தாங்கிவிடலாம் போலிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் தாங்க முடியாது.

சரி, திருப்பிக் கொடுக்கப் போகிற சாமானாக இருந்தாலும் அதுவரை சும்மா வைப்பானேன்? அந்த வாரம் முழுக்க அதில்தான் வேலை செய்தேன்.

முதல் நாள் நிவேதா உட்கார்ந்து எல்லாம் செட் செய்தாள். அது கேட்ட கேள்விகளுக்கு அவள் ‘நோ, நோ, நோ’ என்று தட்டிக்கொண்டே போனதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மெஷினிடம்கூட நான் அப்படி ‘நோ’ சொன்னதில்லை. பிறகு தமிழில் டைப் அடிக்கத் தமிழ்99 போட்டுக் கொடுத்தாள். ஓடுகிற கலர் விளக்கை நிறுத்தி ஒரே வெள்ளையாக வைத்தாள். பந்தல் போய், பூஜையறை விளக்கு மாதிரி அடங்கியது. எழுதுவது தானாகவே சேவ் ஆகும்படியும் ஏதோ செய்தாள். அந்தப் புண்ணியம் எவ்வளவு பெரியது என்று பின்னால் தெரிந்தது.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.

புதிதில் ஏதேதோ அப்டேட் இறக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இரண்டு விசிறி. ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஆரம்பித்து ‘ஹோ’ என்று முடியும். போதாக்குறைக்கு மேலே ஓரமாக ஒரு பட்டன். அது வேகத்தைக் கூட்டுகிற பட்டன் என்று தெரியாமல், தூசி துடைக்கும்போது அமுக்கிவிட்டேன். டம்டம் ஏர்போர்ட்டே வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கவாட்டுக் காற்றுத் துளையில் கை வைத்தால் சுடச்சுடக் காற்று.

வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போல அதன் மூடியில் கை வைத்துப் பார்த்தார். “சூட்டு உடம்புல்லா இது! ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டுக் காலைல குடு.”

மறுநாள் எதிர் ஃபிளாட் பௌதி வந்தார். என்னைவிடச் சற்று மூத்தவர். பௌதி என்றால் அண்ணி. இங்கே எல்லோருக்கும் யாராவது ஒருவர் பௌதி. ஜனவரிக் குளிருக்கு மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, நான் கொடுத்தனுப்பிய சாம்பார்க் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவர், சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார்.

“ஓ மா! டாண்டா லேகே கேசே!”

சளி பிடித்துவிட்டதாம்! இப்படியா ஜன்னலைத் திறந்து போட்டு அதன் பக்கத்தில் வைப்பாய் என்று என்னைக் கடிந்துகொண்டே ஜன்னலை மூடினார்.

கவனித்தீர்களா? ஒரே சத்தம். வங்காளத்துக் காதில் சளி, திருநெல்வேலிக் காதில் சூடு. குளிருக்குப் பயந்தவர்களுக்கு உலகமே இருமுகிறது. வெயிலுக்குப் பயந்தவர்களுக்கு உலகமே கொதிக்கிறது. டாக்டரிடம் போனால் நாம் நோயைச் சொல்கிறோமா, ஊரைச் சொல்கிறோமா?

“இதில் என்ன செய்கிறாய்? ஆன்லைன் கிளாஸா?” என்று கேட்டார் பௌதி. தலை… ஆமாம், ஆடிவிட்டது. ஒரே வாரத்தில் கேமர், டீச்சர் என்று இரண்டு உத்தியோகம்.

நம் வீடுகளில் உறை போடாத பொருள் உண்டா? மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. பழைய திரைச்சீலையில் லேப்டாப்புக்கும் ஒன்று தைத்து வைத்திருந்தேன். அது பௌதியின் கண்ணில் பட்டுவிட்டது. “இதோ இருக்கிறதே!” என்று எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு, திரையை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் காற்று புகாமல் போர்த்திவிட்டார். போதாது என்று தன் மஃப்ளரையும் அவிழ்த்துப் பின்பக்கம் செருகினார். குழந்தைக்குச் செய்கிற பாசத்தோடு.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கு பௌதியைத் தெரியாது. என்னையும் தெரியாது.

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் விசிறி ஒரு பெருமூச்சு விட்டது. திரை கறுத்தது. மெஷின் அணைந்தது. உள்ளே பாதி எழுதிய கட்டுரை!

“பார், தூங்கிவிட்டது!” என்றார் பௌதி, திருப்தியாக.

சாயங்காலம் நிவேதா வந்து மஃப்ளரை உருவினாள். பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டைச் சமையலறையிலிருந்து எடுத்து வந்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். அடியில் காற்று போக இடம் கிடைத்தது. ஜன்னலையும் திறந்தாள். ஆறியதும் பட்டனைத் தட்டினாள். கட்டுரை அப்படியே இருந்தது. கடைசி இரண்டு வரி மட்டும் போயிருந்தது. நல்ல வரிகள் இல்லை.

“இதுக்கு சளியும் இல்ல, சூடும் இல்ல மா. வேலை செய்யுது. வேலை செஞ்சா சத்தம் வரும். அவ்ளோதான்.”

அதற்குப் பிறகு தொல்லை இல்லை. அப்டேட் எல்லாம் முடிந்து, நான் டைப் மட்டும் அடிக்கும்போது விசிறி இருக்கிற இடமே தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் குறைகள் உண்டு. கனம். வயரைப் பிடுங்கினால், ஒரு கட்டுரை முடிப்பதற்குள் பாட்டரி சாப்பாடு கேட்கிறது. வீடியோ காலில் என் முகம் கலங்கல் தண்ணீரில் தெரிவது போலத் தெரிகிறது. எனக்கு அது குறையில்லை.

நிறை? திரை பெரிது. கண்ணாடியைத் தேடாமல் எழுத்துத் தெரிகிறது. பட்டனைத் தட்டிவிட்டு இஞ்சி தட்டப் போனால், தட்டி முடிப்பதற்குள் தயாராக நிற்கிறது. வலது பக்கம் வரும் வெதுவெதுப்பான காற்று இந்தக் குளிரில் விரலுக்கு எவ்வளவு இதம் தெரியுமா?

இன்னொன்று. நிவேதா எல்லாவற்றையும் வெள்ளையாக்கிய பிறகும் கீபோர்டில் நான்கு கட்டைகள் மட்டும் தனி நிறத்தில் ஒளிரும். விளையாடுகிறவர்கள் ஓடவும் திரும்பவும் பயன்படுத்துவது அவற்றைத்தானாம். ஆங்கிலத்தில் டபிள்யூ, ஏ, எஸ், டி. தமிழ்99-ல் அதே நான்கும் என்ன தெரியுமா? ஈ, அ, இ, உ! யாரோ எங்கேயோ துப்பாக்கியோடு ஓடுவதற்காகச் செய்த கட்டைகளில் எனக்கு உயிரெழுத்து. முதல்முறை கவனித்தபோது சும்மாவே நாலைந்து தடவை தட்டிப் பார்த்தேன்.

ஆனாலும் சனிக்கிழமை வந்தது. தீர்ப்பு தீர்ப்புதானே? செங்கல்லையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டாவது ஹூக்ளி பாலம் முழுக்க ஒரே வாக்கியத்தை வங்காளத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

“கேமர் மாசிமா!” அந்த இளைஞர் மறக்கவில்லை. கவுண்டரில் ஒரு அப்பாவும் மகளும். அவர்கள் முன்னால் நான் வாங்கிய அதே மாடல். மகளுக்கு அது வேண்டும். அப்பாவுக்குச் சந்தேகம்.

“சூடாகுமா?” என்று கேட்டார்.

“ஏக்தம் நா!” என்றார் இளைஞர். சுத்தமாக ஆகாதாம்.

‘ஆகும்’ என்று ஒரு குரல். யாருடையது என்று திரும்பிப் பார்த்தால்… நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்! “கொரோம் ஹோய். சூடாகும். மெத்தைமேல் வைக்காதீர்கள். போர்வை போர்த்தாதீர்கள். அடியில் காற்று போக விடுங்கள். மேலே ஒரு பட்டன் இருக்கிறது, தெரியாமல் அமுக்கிவிட்டுப் பயப்படாதீர்கள். சத்தம் வந்தால் நோய் இல்லை, வேலை செய்கிறது. கனம். காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு போனால் தோள் வலிக்கும். ஆனால் நல்ல மெஷின்.”

என் உடைந்த வங்காளத்தில் இத்தனையும். இளைஞரின் முகம் போன போக்கு… பாவம். அந்தப் பெண் மட்டும் சிரித்தாள். அப்பா என் பக்கம் நன்றாகத் திரும்பினார்.

“தீதி, நீங்கள் என்ன கேம் விளையாடுகிறீர்கள்?”

தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்வி. ஆமாம் என்றும் ஆட்ட முடியாது, இல்லை என்றும் ஆட்ட முடியாது. மனப்பாடம் செய்த வாக்கியம் பாலத்திலேயே இறங்கிப் போயிருந்தது. மிச்சம் மூன்று வார்த்தைதான் நின்றது.

“கேலி நா. லிகி.”

விளையாடுவதில்லை. எழுதுகிறேன்.

வானம் இடிந்து விழவில்லை. “என்ன எழுதுகிறீர்கள்?” என்றார் அப்பா. தமிழ்ப் பத்திரிகையில், வாராவாரம் என்றேன். “ஓ, லேகிகா! எழுத்தாளரா!” என்று அவர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். இந்த ஊரில் எழுதுகிறேன் என்று சொன்னால் உட்காரச் சொல்கிறார்கள்! மண் குவளையில் டீயும் வந்தது.

இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மாசிமா! எழுதவா? முதலிலேயே சொல்லக் கூடாதா? அதற்கு இது எதற்கு?” என்று மெலிசாக, வெள்ளையாக ஒன்றை எடுத்து வைத்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். தோசைத் தட்டு கனம்கூட இல்லை. திறந்தேன். எல்லாக் கட்டையும் ஒரே நிறம். அ எது, இ எது என்று விரல் தேடியது.

“வேண்டாம்” என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன முதல் ‘நோ’. “என்னுடையதே இருக்கட்டும்.”

அந்த அப்பா மகளுக்கு அதே மாடலை வாங்கினார். இளைஞருக்கு என்மேல் கோபம் போய்விட்டது.

வீட்டுக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார். கனம் குறையவில்லை. “என்ன, மாத்தலியா?”

“மாத்தல.”

“வாயைத் திறந்து சொல்லலியா?”

“சொன்னேன்.”

மனிதர் லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சார்ஜரை எடுத்துத் தானே பிளக்கில் சொருகிவிட்டு, “டீ போடட்டா?” என்றார்.

சூட்டோடு சூடாக எதிர் ஃபிளாட்டுக்கும் போய், ஆன்லைன் கிளாஸ் இல்லை பௌதி, எழுதுகிறேன் என்றேன். பௌதி வாயில் கை வைத்தார். உள்ளே போய் ஒரு தட்டு நிறையப் ஈச்சவெல்லச் சந்தேஷ் இனிப்பு கொண்டு வந்தார். ஊட்டிவிடாத குறை. பிறகு திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மஃப்ளர் விஷயம்… அதை மட்டும் எழுதிவிடாதே, என்ன?”

எழுத மாட்டேன் என்று தலையாட்டினேன்.

பௌதிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதில் எவ்வளவு நிம்மதி!