இரைப்பை தெரியாத குழந்தை

ஸ்கேன்காரி ஒரு கையால் தையல்காரியின் எட்டு மாத வயிற்றிலிருந்த ஜெல்லை வழித்தாள், மறு கையால் கருவியைத் துடைத்தாள். துடைக்கும்போது ஓயாமல் பேசுகிறவள் அன்று பேசவில்லை.

"என்னக்கா, வாய்க்குப் பூட்டா?"

"உன் பிள்ளை சரியா காட்ட மாட்டேங்குது. அரை மணி நடந்துட்டு வா, திரும்பப் பார்க்கலாம்."

பனிக்குட நீர் அளவுக்கு மேல் இருந்தது. வயிற்றுப் பிள்ளை அந்த நீரைக் குடிக்கும். குடித்தது இரைப்பையில் கறுப்புக் குமிழாகத் தெரியும். இதில் குமிழே இல்லை. சில நேரம் காலியாக இருந்து, அரை மணியில் நிரம்பிவிடும். நிரம்பாவிட்டால் உணவுக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அது தெரியாமல் பிறந்ததும் பால் புகட்டினால், பால் நுரையீரலுக்குப் போகும்.

பதினோரு வருடம் அந்த அறையில் ஸ்கேன்காரியோடு நர்ஸாக இருந்தேன். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டின் மேலேயே புதியதை அடிப்பாள்; 'இரைப்பை இயல்பு' என்ற வரி அதில் ஏற்கெனவே இருக்கும். அன்றும் அந்த வரியை, மறுபடி பார்த்துவிட்டு மாற்றலாமென்று அப்படியே விட்டாள். தாள் மற்றவற்றோடு கட்டாகப் போய், டாக்டரின் கையெழுத்தோடு திரும்பிவிட்டது.

அரை மணி கழித்துக் கூப்பிட்டால் ஆளில்லை.

"அவங்க நாத்தனார் அவசரப்படுத்துச்சு. கையெழுத்துதான் ஆயிடுச்சேன்னு கொடுத்து அனுப்பிட்டேன்க்கா," என்றாள் கவுன்ட்டர் பெண்.

தையல்காரியின் போன் அணைந்திருந்தது. நீர் அதிகமென்றால் வலி முன்னதாகவே வரக்கூடும். பிரசவத்துக்குப் பதிந்திருந்ததோ தெருமுனை ஆஸ்பத்திரியில். அங்கே குழந்தைக்கு அறுவை செய்ய ஆள் கிடையாது. ஸ்கேன்காரி டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

"அடுத்த செக்கப்புக்கு வருவாங்கல்ல, அப்ப சொல்லிக்கலாம். நீயா தேடிப்போய்த் தப்புன்னு சொன்னா, உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல," என்றார்.

மாலைவரை இருபது தடவையாவது போன் போட்டிருப்பாள். மணி அடிக்கவேயில்லை.

"போனைக் கீழே வை. காலைல கடைக்கே போ. தையல்காரி மெஷினை விட்டு எங்க போயிடுவா?" என்றேன்.

மறுநாள் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வாசலில் நின்றாள். சாவியோடு வந்தது நாத்தனார்.

"எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? இப்ப வந்து வயித்துல புளியைக் கரைக்கிறீங்க."

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன். திட்டறதை வண்டில உக்காந்து திட்டு. முதல்ல உங்க அண்ணியைக் கூப்பிடு."

ஒன்பது மணிக்குத் தையல்காரியை ஸ்கேன் அறையில் படுக்கவைத்துப் பார்த்தாள். அரை மணி விட்டு மறுபடி பார்த்தாள். குமிழ் இல்லை. பழைய தாளைக் குறுக்கே அடித்து, புதிய தாளில் 'இரைப்பை தெரியவில்லை' என்று எழுதி, டாக்டர் முன் வைத்தாள். இந்த முறை அவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தாளோடு தையல்காரியையும் நாத்தனாரையும் வண்டியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை அறுவைப் பிரிவுக்கு அவளே கூட்டிப் போனாள்.