பதினேழாம் நம்பர் ஓட்டுநரும் ஒப்புக்கொள்ளாத கடிகாரமும்

பணிமனையில் அவரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் அழைப்பார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர் அல்ல. ஐம்பத்து மூன்று வயதிலும், எதிரே வரும் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அதன் எண்ணைப் படித்துவிடுவார். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியதில், முன்னால் கிடக்கும் சாலையைவிடப் பின்னால் நடப்பதைக் காட்டும் கண்ணாடியையே அதிகம் பார்த்தவர் என்பதால் வந்த பட்டம் அது. நிர்வாகம் அவருக்கு மூன்று கண்ணாடிகள் கொடுத்திருந்தது. நான்காவதாக உள்ளங்கை அளவில் ஒன்றை அவரே கொண்டுவந்து மாட்டியிருந்தார். எதற்கு என்று கேட்டால், "மத்த மூணும் ஒழுங்காக் காட்டுதான்னு பாக்கத்தான்" என்பார்.

இப்படிப்பட்டவரை ஒரு கைக்கடிகாரம் நம்ப மறுத்த வரலாறு இது.

வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில் அவருடைய ரத்த அழுத்தம் எகிறி நின்றது. கருவியை மாற்றிப் பார்க்கச் சொன்னார், மாற்றினார்கள். கையை மாற்றிப் பார்க்கச் சொன்னார், அதையும் செய்தார்கள். மருத்துவரையே மாற்றினால் என்ன என்று அவர் யோசிப்பதற்குள் கம்பெனி டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஆறு வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மாத்திரை போடுங்க. தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க. கையில ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கங்க. திரும்பி வரும்போது குறைஞ்சது பன்னெண்டு அரை மணி நடைப்பயிற்சி அதுல பதிவாகியிருக்கணும். இல்லேன்னா டயர் ரூமுக்கு எழுதிடுவேன்."

"நடந்தேன்னு நான் சொன்னாப் போதாதா டாக்டர்?"

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் அப்படித்தான் சொன்னார். ஆறு வாரத்துல நாலு கிலோ ஏறியிருந்தார். நீங்க ஒண்ணையும் அமுக்க வேண்டாம். நடந்தா அதுவே கண்டுபிடிச்சு எழுதிக்கும்."

டயர் அறை பணிமனையின் பின்கட்டில் இருந்தது. ஒரே கதவு, சன்னல் கிடையாது. அங்கே அனுப்பப்பட்டவர்கள் ஓய்வுபெறும் நாளில்தான் வெளியே வருவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம்மவரை உறுத்தியது வேறு விஷயம். அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது.

பதினேழாம் நம்பர் வண்டி ஒரு மாற்று ஓட்டுநர் கைக்குப் போயிற்று. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். யாரைக் கண்டாலும் சிரிப்பார். சந்தேகப்பட அது போதாதா.

கடிகாரத்தைக் கொண்டுவந்தவர் மனைவியின் தம்பி. செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். அவரே மணிக்கட்டில் கட்டி, போனோடு இணைத்து, "அவ்வளவுதான் அத்தான், இனிமே நீங்க நடந்தாப் போதும்" என்றார்.

எங்கே நடப்பது என்பதில் அத்தானுக்குக் குழப்பமே இல்லை. பதினேழாம் நம்பர் போகிற அதே சாலையில், அதே நேரத்தில் நடப்பது என்று தீர்மானித்தார். உடம்புக்கு நடையும் ஆயிற்று, மாற்று ஓட்டுநர் நேரத்துக்கு வருகிறாரா, திருப்பத்தில் பிரேக்கை எப்படி மிதிக்கிறார் என்று ஒரு கண் வைத்ததாகவும் ஆயிற்று.

முதல் நாள் அரை மணிக்கு மேலேயே நடந்து, வியர்த்து, வீடு வந்து பார்த்தார். காலடிகள்: நாலாயிரத்து இருநூறு. பயிற்சிகள்: பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம். ஒரு வாரம் போயிற்று. காலடிகள் மட்டும் முப்பதாயிரத்தை நெருங்கின. கால் வைத்தது அதற்குத் தெரிகிறது, நடந்ததை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. இப்படி ஒரு சாட்சியை அவர் எந்த விபத்து விசாரணையிலும் பார்த்ததில்லை.

எட்டாம் நாள் மைத்துனரின் கடையில் விசாரணை தொடங்கியது.

"அணைச்சுப் போட்டீங்களா அத்தான்?"

"மூணு தடவை."

"பட்டையை இப்படித் தொளதொளன்னு விட்டா எப்படிப் பிடிக்கும்?" என்று இரண்டு துளை தள்ளி இறுக்கினார் மைத்துனர். அடிப்பக்கக் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்தார். பிறகு போனை நோண்டியவர் நிமிர்ந்து பார்த்தார். "இருப்பிடத்துக்கு அனுமதி குடுக்கலையா?"

"அது கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன். நான் எங்க இருக்கேன்னு அதுக்கு எதுக்கு? யார்கிட்ட போய்ச் சொல்லப்போகுது?"

"நீங்க நடக்கிறதைத்தான் அத்தான் அது எழுதணும். நீங்க எங்க இருக்கீங்கன்னே சொல்லாம, நடந்ததை மட்டும் எழுதுன்னா அது என்ன ஜோசியமா பாக்கும்?"

பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்தார். பேட்டரி சிக்கனம் வேண்டும் என்று அவர் போட்டு வைத்திருந்ததையும் மைத்துனர் எடுத்துவிட்டார். மறுநாள் பூஜ்யம். அதற்கு மறுநாளும் பூஜ்யம். இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தார்கள். புதுப் பதிப்பை இறக்கி ஏற்றினார்கள். அந்தப் பூஜ்யம் அசையவில்லை.

"நடுவுல எங்கயாவது நிக்கிறீங்களா?"

"நிக்கவே இல்ல மாப்ளே."

"பேசாம, தொடங்குறப்ப இந்தப் பட்டனை அமுக்குங்க. அப்புறம் அது எழுதித்தான் ஆகணும்."

கண்ணாடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர் ஒண்ணையும் அமுக்கக் கூடாதுன்னுட்டார். நானே அமுக்கி, நானே நடந்தேன்னு காட்டினா, எனக்கு நானே கையெழுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி. நாளைக்கு ஒரு விசாரணைன்னு வந்தா என்ன பதில் சொல்றது?"

மைத்துனருக்குத் தொழில் மானம் இருந்தது. கடிகாரத்தைக் கழற்றி, தன் போனோடு இணைத்து, தன் கையில் கட்டிக்கொண்டு ஒரு நாள் காலை ஆற்றோரமாக நடந்தார். வீட்டுக்கு வருவதற்குள் முப்பத்தொரு நிமிட நடைப்பயிற்சி சுத்தமாகப் பதிவாகியிருந்தது. கொண்டுவந்து காட்டினார்.

"அப்ப பழுது வாட்ச்ல இல்ல அத்தான். உங்ககிட்டதான்."

"உன் கையில எழுதுது, என் கையில எழுதலைன்னா, நீதான் அதுக்கு என்னமோ சொல்லி வெச்சிருக்கே" என்றார் கண்ணாடி. அதற்குப் பிறகு மைத்துனர் பத்து நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

சந்தேகம் அங்கிருந்து கிளை விட்டது. மாற்று ஓட்டுநர் போன வருடம் அந்தக் கடையில்தான் போன் கண்ணாடி மாற்றினாராம். சிரிப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கம்பெனி டாக்டர்தான் வாட்ச் கட்டச் சொன்னவர். டயர் அறைக்கு ஆள் தேவைப்படுவதும் அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. சோப்பு எடுத்துக் கொடுக்கும்போது மனைவி வாட்சை ஒரு மாதிரி பார்த்ததையும் குறித்துக்கொண்டார்.

மனைவி பார்த்தது உண்மைதான். வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுத் துணி தைப்பவர் அவர். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். நாலு வாரமாகத் தினமும் வேகமாக நடப்பதாகச் சொல்லும் மனிதரின் இடுப்பு, பழைய கால்சட்டை அளவிலிருந்து கால் இஞ்சு கூட இறங்கவில்லை. வாட்ச் வேறு நடக்கவே இல்லை என்கிறது. இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? அந்தச் சாலையில் ஒரு பேக்கரியும் இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள். பதினேழாம் நம்பரில் அவரோடு பதினைந்து வருடம் ஓடிய நடத்துனருக்கு அன்று வார விடுமுறை. வாயில் விசிலும் கையில் டிக்கெட்டுமாகவே வாழ்ந்த மனிதர் என்பதால் விசில் என்றே பெயர். "நானும் கூட வந்து பாக்கறேண்ணே. என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சிடும்" என்று காலையிலேயே வந்துவிட்டார். இரண்டு பேரும் கிளம்பினார்கள். முக்கால் தெரு இடைவெளி விட்டு மனைவியும் கிளம்பினார்.

பேக்கரியை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டி அருகே இரண்டு ஆண்களும் சாலை ஓரம் ஒதுங்கி நின்றார்கள். பேசவில்லை. கணவர் இடப்பக்கம் தலையைச் சாய்த்து எதையோ பார்த்தார். நடத்துனர் வானத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் அப்படியே நின்று, பிறகு ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். ஆறு நிமிடம் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் அதே காட்சி. பல் டாக்டர் வீட்டு முன்னாலும் அதே காட்சி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "ஏங்க, நடுநடுவுல எதுக்கு நிக்கிறீங்க?"

"எங்க நின்னேன்?"

"தண்ணித் தொட்டிகிட்ட. ஸ்கூல் வாசல்ல. பல் டாக்டர் வீட்டுகிட்ட."

கண்ணாடி நிம்மதியாக மூச்சு விட்டார். "ஓ, அதா. அதெல்லாம் ஸ்டாப்பு."

"நீங்க என்ன பஸ்ஸா?"

விசில் குறுக்கிட்டார். "காலை நேரம் அண்ணி. ஒன்றரை நிமிஷமாவது நிக்கலேன்னா கூட்டம் எப்படி ஏறும்?"

மனைவி தம்பிக்குப் போன் போட்டார்.  மறுமுனையிலிருந்து விளக்கம் வந்தது. விடாமல் பத்து நிமிடம் நடந்தால்தான் அந்தக் கடிகாரம் அதைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளும். ஆறு நிமிடம் நடந்து ஒன்றரை நிமிடம் நிற்கிறவரை, கடை கடையாக விலை விசாரிக்கிறவர் என்று நினைத்து விட்டுவிடும். "நிக்கிறீங்களான்னு அன்னைக்கே கேட்டேனே அக்கா."

"நிக்கிறது வேற, ஸ்டாப்புல போடுறது வேற" என்றார் கண்ணாடி, போனுக்குக் கேட்கும்படி.

ஆறு வாரம் முடியப் பதிமூன்று நாள்தான் இருந்தது. தேவை பன்னிரண்டு பதிவு. ஆற்றோரமாக நடக்கலாமே என்று மனைவி சொன்னதற்கு, மேலிடத்து உத்தரவு இல்லாமல் தடம் மாற்றுகிற வழக்கம் தனக்கு இல்லை என்றுவிட்டார். அதைவிட முக்கியம், மாற்று ஓட்டுநரைக் கண்காணிக்காமல் விட முடியாது.

முப்பதாம் நாள் நிற்பதில்லை என்ற முடிவோடு தனியாகப் போனார். தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் தினமும் ஏறும் ஒரு டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். கால் தானாக ஓரம் கட்டியது. மறுபடியும் பூஜ்யம்.

இப்போது மீதி பன்னிரண்டே நாள். ஒரு நாள் தவறினாலும் டயர் அறை.

வழி சொன்னவர் விசில். "ஒத்தை விசிலுக்கு நிப்பார், டபுள் விசிலுக்குப் போவார். இவ்வளவுதான் அண்ணி இவர்" என்று தன்னிடம் உபரியாக இருந்த விசில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து கணவர் முன்னால் நடக்க, இரண்டடி பின்னால் மனைவி நடந்தார். நிறுத்தம் நெருங்கும்போதெல்லாம் இரண்டு முறை ஊதினார். இருபத்தாறு வருடக் கால்கள் தயங்கின, பின் கீழ்ப்படிந்தன. டீச்சர் மட்டும், "நிக்காமப் போறாரே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைபட்டார். அன்று மாலை போனில் ஒன்று என்ற எண் இருந்தது. கண்ணாடி அதை மூன்று முறை மூடித் திறந்து பார்த்தார். ஒன்றுதான்.

பதினோரு நாள் பதினொன்று ஆயிற்று. கடைசி நாள் காலை பல் டாக்டர் வீட்டைத் தாண்டியதும் பின்னால் பழகிய இன்ஜின் சத்தம். பதினேழாம் நம்பர் வேகத்தைக் குறைத்து அவருக்குப் பக்கத்திலேயே ஊர்ந்தது. அரை மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் பாக்கி.

"அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றார் மாற்று ஓட்டுநர், அதே சிரிப்போடு.

எல்லாம் தெளிவாகிவிட்டது. கடைசி நாள், கடைசி மூன்று நிமிடம் பார்த்து நிறுத்த வந்திருக்கிறான். கண்ணாடி நேராகப் பார்த்து நடந்தார். உள்ளே படியோரம் நின்றிருந்த விசில், பழக்கதோஷத்தில் ஒத்தை விசில் கொடுத்துவிட்டார். கண்ணாடியின் வலது கால் அந்தரத்தில் நின்றது. பின்னாலிருந்து மனைவி மூச்சுப் பிடித்து டபுள் விசில் ஊதினார். கால் இறங்கியது. பேருந்தும் அந்த விசிலுக்குக் கட்டுப்பட்டு ஒரு குலுங்கு குலுங்கி முன்னேறி, மறுபடி குறைந்தது. பயணிகள் எல்லோரும் இந்தப் பக்க சன்னல்களுக்கு வந்துவிட்டார்கள்.

"நிக்க வேண்டாம்ணே, நடந்துக்கிட்டே கேளுங்க. எப்ப வருவீங்க? அந்த சீட்டு உங்க அளவுக்குக் குழி விழுந்து கிடக்கு. என் முதுகு போச்சு. கண்ணாடி நாலும் உங்க உயரத்துக்குத் திரும்பி இறுகிப்போய்க் கிடக்கு, ஒண்ணும் அசையல. குனிஞ்சுக்கிட்டே ஓட்டறேன். அந்த டீச்சர் வேற தினம் உங்களை விசாரிக்கிறாங்க. எனக்கு என் பழைய ரூட்டே போதும்ணே."

கண்ணாடி நடந்துகொண்டே இருந்தார். மணிக்கட்டில் கடிகாரம் துடித்தது. குனிந்து படித்தார். நடைப்பயிற்சி, முப்பது நிமிடம், பதிவாயிற்று. அதற்குப் பிறகுதான் நின்றார். பேருந்தும் நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்கண்ணே, வீட்டுல விடறேன்."

"இங்க ஸ்டாப்பு கிடையாது" என்றார் கண்ணாடி. "நாலு நிமிஷம் லேட்டு. வண்டியை எடு."

மறுநாள் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், இறங்கியிருந்தது. போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "முதல் முப்பது நாள் காலி. அப்புறம் ஒரு நாள் தப்பாமப் பன்னெண்டு. எப்படிங்க?"

"என் வீட்டம்மா ஊதினாங்க டாக்டர்."

டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை முதல் வண்டி ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடி அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தேதி சரியாக இருந்தது. கையெழுத்துதான் போன தடவை போட்டதைவிடக் கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராகப் பணிமனைக்கு நடந்தார்.