சிவப்பு மூஞ்சி

கம்பெனியில் எல்லாரும் அவரைப் பினாயில் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாடிக் கழிப்பறைகளை அவர் கழுவ வந்த வருஷம் பிறந்த மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். அடுத்தவன் கழித்துவிட்டுப் போனதைத் தேய்க்கிறோமே என்று மனுஷன் அலுத்துக்கொண்டதே இல்லை. வயிறு என்று ஒன்று இருந்தால் அப்படித்தான் என்பார்.

பழைய முதலாளி கம்பெனியை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவன் வந்த வேகத்தில் அறைத் தடுப்புகளை இடித்தான். யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது என்றான். எல்லாரும் ஒரே குடும்பம் என்று சுவர் முழுக்க எழுதிப் போட்டான். அதிகாரிகளுக்கென்று பூட்டி வைத்திருந்த கழிப்பறையையும் எல்லாருக்கும் திறந்துவிட்டான். நல்ல காரியம்தான். கூடவே அதன் கதவோரம் ஒரு மெஷினை மாட்டினான். சிரிக்கிற பச்சை மூஞ்சி, கடுகடுக்கிற சிவப்பு மூஞ்சி. சுத்தமாக இருந்தால் பச்சையை அமுக்க வேண்டும், இல்லையென்றால் சிவப்பை. சிவப்பு கூடினால் ஆளை மாற்றிவிடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

வாசலில் செக்யூரிட்டியாக நிற்பவன் பினாயிலுடைய பெண்டாட்டியின் தம்பி. அவனுக்கு ஒரே குஷி.

"மார்க்குக்குப் பயந்து பள்ளிக்கூடத்த விட்டு ஓடி வந்தீங்க மாமா. அது உங்களத் தேடிக்கிட்டு இங்கயே வந்துருச்சு பாருங்க."

பினாயிலுக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கை வலிக்கத் தேய்த்தும் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. துடைக்கிற துணியே சிவப்பை அமுக்கிவிடுகிறதோ என்று சந்தேகம் வந்து, பச்சைப் பக்கத்தை மட்டும் துடைக்க ஆரம்பித்தார். பாதிப் பேர் கையைக் கழுவாமல் வந்து அமுக்குகிறவர்கள். சிவப்பின் மேல் பிசுபிசுவென்று ஏடு படிந்தது. கக்கூஸையே வெறுங்கையால் கழுவியவர் அந்த மூஞ்சியின் பக்கம் போகக் கையுறை மாட்டிக்கொண்டார். கணக்கு மட்டும் குறையவில்லை. இந்த வாரத்தோடு சரி என்றார் கான்ட்ராக்டர்.

அன்று மத்தியானம் கணக்குப் பிரிவு மேனேஜர் வந்தார். பினாயிலின் மகனுக்குப் பள்ளியில் சீட்டு வாங்கித் தந்த புண்ணியவான். போன காரியம் முடிந்ததும் குழாய்ப் பக்கம் திரும்பாமல் நேரே மெஷினுக்குப் போய், சிவப்பை டக் டக்கென்று அமுக்கினார். ஒரு தடவையா, ஏழெட்டுத் தடவை.

மூலையில் வாளியோடு நின்ற பினாயிலைப் பார்த்தும் அவருக்குக் கூச்சமே வரவில்லை.

"உன் மேல ஒண்ணும் இல்லப்பா. கண்டவனும் இங்க வர்றான். நாறுதுன்னு கணக்கு ஏறினாத்தான் எங்களுக்குப் பழையபடி பூட்டு போட்டுத் தருவாங்க. நாங்க எல்லாருமே இதத்தான் அமுக்குறோம்."

"என் வேலை போயிடும் சார்."

"போனா போகுது. எங்களோடதுக்கு உன்னையே வைக்கச் சொல்றேன். உன்ன மாதிரி கழுவ யாரு இருக்கா?"

அந்தக் கையாலேயே தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பினாயில் ஓடிப்போய், தான் தேய்த்து வைத்த பீங்கானிலேயே வாந்தி எடுத்தார். அதையும் அவரேதான் கழுவினார். பிறகு கம்பெனிச் சட்டையைக் கழற்றி, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

பனியனோடு இறங்கி வந்தவரைப் பார்த்து மச்சினன் வழிமறித்தான். சட்டை எங்கே என்று கேட்டதற்கு, அழுக்காகிவிட்டது என்றார்.

"நீங்க பாக்காத அழுக்கா மாமா?"

பினாயில் வெளிக்கதவைத் தாண்டினார். பின்னாலேயே ஓடி வந்தவன், கான்ட்ராக்டர் கேட்டால் என்ன சொல்ல என்றான்.

"மூக்கில்லாத ஆளாப் பாத்து வச்சுக்கச் சொல்லு."